புதர்க் கல்லூரியில் பிறந்த சட்ட மையம்

ஓர் ஆட்சி, தான் ஒடுக்கும் மக்களுக்கென்று தனியாக ஒரு கல்லூரியைக் கட்டித் தருகிறது. எதற்காக? அவர்கள் தன் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக. தென்னாப்பிரிக்காவின் வெள்ளை நிறவெறி அரசு 1960இல் கேப்டவுன் நகரத்தை ஒட்டிய பெல்வில் பகுதியில் அப்படியொரு கல்லூரியைத் திறந்தது. முதல் ஆண்டு மாணவர்கள் 166 பேர். புதர்க்காட்டுக்கு நடுவே கிடந்ததால் மாணவர்களே அதைக் கசப்போடு 'புதர்க் கல்லூரி' என்றார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே வளாகத்தில்தான், நிறவெறிக்குப் பிந்தைய நாட்டின் அரசமைப்புச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராயும் ஒரு மையம் உருவானது. மேற்கு கேப் பல்கலைக்கழகத்தின் 'சமூகச் சட்ட மையம்' அது. தொடங்கப்பட்ட ஆண்டு 1990. முதல் இயக்குநர், வழக்கறிஞர் துல்லா ஒமர்.

இந்த வரலாற்றை நாம் ஏன் படிக்க வேண்டும்? சட்டம் படிக்கும் நம் தோழர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: நம்மை வெளியே நிறுத்துவதற்கென்றே உருவான நிறுவனங்களுக்குள் நுழைந்து என்ன சாதிக்க முடியும்? உள்ளே போனால் நாம் அவர்களை மாற்றுவோமா, அவர்கள் நம்மை மாற்றுவார்களா? மேற்கு கேப்பின் கதை இந்தக் கேள்விக்கு எளிதான பதில் தராது. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்கக் கற்றுத் தரும்.

சட்டத்தால் பறிக்கப்பட்ட வாக்கு

அந்தக் கல்லூரி 'கலர்ட்' என்று அரசு முத்திரை குத்திய மக்களுக்கானது. தமிழில் கலப்பினத்தவர் என்று எழுதுகிறோம். கேப் பகுதியின் ஆதிகுடிகள், ஐரோப்பியர், டச்சுக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து விற்ற அடிமைகள் எனப் பலரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அந்த அடிமைகளில் வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் ஓர் இனப் பெட்டிக்குள் அடைத்தது. மேலே வெள்ளையர், கீழே கறுப்பர், நடுவில் கலப்பினத்தவரும் இந்தியரும்.

கேப் பகுதியில் கலப்பின ஆண்களுக்கு ஒரு காலத்தில் வெள்ளையரோடு ஒரே வாக்காளர் பட்டியலில் வாக்குரிமை இருந்தது. இரு அவைகளும் கூடி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையில்தான் அதை மாற்ற முடியும் என்ற பாதுகாப்பும் அன்றைய அரசமைப்பில் இருந்தது. 1951இல் நிறவெறி அரசு அந்தப் பெரும்பான்மை இல்லாமலேயே சட்டம் இயற்றி அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1952இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அரசு சும்மா இருக்கவில்லை. நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டியது. மேலவை உறுப்பினர்களை 48இலிருந்து 89ஆக உயர்த்தித் தன் ஆட்களை நிரப்பியது. வேண்டிய பெரும்பான்மை கிடைத்தது. 1956இல் வாக்குரிமை பறிபோனது. எல்லாம் சட்டப்படி!

அரசமைப்புச் சட்டம் என்பது ஒரு காகிதப் பாதுகாப்பு மட்டுமென்றால் அதை எப்படிக் கிழிக்கலாம் என்பதை அந்த மக்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். பின்னாளில் அவர்களின் பல்கலைக்கழகத்தில் அரசமைப்பு ஆய்வு முளைத்ததற்கு இந்தக் காயமும் ஒரு காரணம் என்றே நாம் படிக்கிறோம்.

1959இல் 'பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம்' வந்தது. பெயரைப் பாருங்கள், விரிவாக்கம்! கேப்டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் போன்ற பல்கலைக்கழகங்களில் அமைச்சரின் தனி அனுமதியின்றி வெள்ளையரல்லாதோர் சேர முடியாது என்றது அந்தச் சட்டம். அதற்குப் பதிலாக ஜூலுக்களுக்கு ஒன்று, சோத்தோ மக்களுக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று என இனவாரியாகக் கல்லூரிகள் வந்தன. அரசின் கணக்கு, இவை கீழ்நிலை அலுவலர்களையும் ஆசிரியர்களையும் மட்டும் உருவாக்கித் தரும் என்பதே. சேரிக்குத் தனிக் கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டு அதைத் தண்ணீர்த் திட்டம் என்று சொல்வதை நாம் அறிவோம். இதுவும் அதுதான்.

ஏணிப்படியை மறுத்தவர்கள்

தொடக்க காலத்தில் அக்கல்லூரியின் நிர்வாகமும் பேராசிரியர்களும் பெரும்பாலும் ஆப்பிரிக்கான்ஸ் பேசும் வெள்ளையர். 1970களில் கறுப்புணர்வு இயக்கம் மாணவர்களிடையே பரவியது. கறுப்பர் என்பது தோலின் நிறமல்ல, ஒடுக்கப்பட்ட அனைவரின் அரசியல் பெயர் என்று ஸ்டீவ் பிக்கோவும் தோழர்களும் பேசினார்கள். தலித் என்ற சொல்லை நாம் எப்படிக் கையிலெடுத்தோமோ அப்படித்தான். 1973இல் போராட்டம் வெடித்துப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அந்த அழுத்தத்தின் விளைவாக 1975இல் ரிச்சர்ட் வான் டெர் ராஸ் வெள்ளையரல்லாத முதல் துணைவேந்தரானார். 1982இல் பல்கலைக்கழகம் தன் குறிக்கோள் அறிக்கையிலேயே தான் நிறுவப்பட்டதற்கு அடிப்படையான நிறவெறிக் கருத்தியலை நிராகரித்தது.

அடுத்த ஆண்டே பெரிய சோதனை வந்தது. 1983இல் பி. டபிள்யூ. போத்தாவின் அரசு புதிய அரசமைப்பைக் கொண்டுவந்தது. மூன்று அவைகள்: வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு எதுவும் இல்லை. நடுப்படியில் நிற்பவர்களுக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்து, கீழ்ப்படியில் நிற்பவர்களிடமிருந்து பிரித்துவிடும் திட்டம் அது. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கியதன் சூட்சுமமே இங்குதான் இருக்கிறது. ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற சிறு லாபம் உண்டு. அந்தச் சிறு லாபம்தான் முழு ஏணியையும் தாங்கி நிற்கிறது.

கலப்பின மக்கள் என்ன செய்தார்கள்? 1983 ஆகஸ்ட் 20 அன்று கேப்டவுனின் மிட்சல்ஸ் பிளெயினில், அரசு கலப்பினத்தவருக்கென ஒதுக்கிய குடியிருப்புப் பகுதியிலேயே, ஐக்கிய ஜனநாயக முன்னணி தொடங்கப்பட்டது. 1984 தேர்தலில், பதிவு செய்திருந்த கலப்பின வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே வாக்களித்தனர். கொடுத்த நாற்காலியை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். எல்லோரும் தள்ளவில்லை, உள்ளே போய் உட்கார்ந்தவர்களும் உண்டு. ஆனால் மக்களின் தீர்ப்பு தெளிவாக இருந்தது.

இந்த மறுப்பு இல்லாமல் சமூகச் சட்ட மையம் இல்லை. அரைகுறை அரசமைப்பு ஒன்றை மறுத்தவர்களுக்கு, முழுமையான அரசமைப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டிய கடமை வந்து சேர்ந்தது. 'வேண்டாம்' என்று சொல்வது போராட்டத்தின் முதல் பாதி. 'இதுதான் வேண்டும்' என்று சட்டத்தின் மொழியில் எழுதிக் காட்டுவது அடுத்த பாதி.

1990: மையம் உருவாகிறது

1987இல் ஜேக்ஸ் கெர்வெல் துணைவேந்தரானார். இதே புதர்க் கல்லூரியில் படித்தவர். இப்பல்கலைக்கழகம் இடதுசாரிகளின் அறிவுத் தாயகமாக இருக்கும் என்று வெளிப்படையாக அறிவித்தார். எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏதோ ஒரு தரப்பின் அறிவு இல்லமாகவே இருக்கின்றன, எங்களுடையது போராடும் மக்களின் இல்லமாக இருக்கட்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். சேர்க்கையையும் அனைத்து இனத்தவருக்கும் திறந்துவிட்ட பல்கலைக்கழகம் இது.

1990 பிப்ரவரி 2 அன்று ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் மீதான தடை நீங்கியது. பிப்ரவரி 11 அன்று நெல்சன் மண்டேலா விடுதலையானார். பேச்சுவார்த்தை தொடங்கப்போகிறது. எதிர்த் தரப்பில் அரசு இயந்திரமும் அதன் சட்ட வல்லுநர் படையும் இருக்கின்றன. மக்கள் தரப்பில்? முப்பது ஆண்டுகள் தடைசெய்யப்பட்டிருந்த ஓர் இயக்கம். பேச்சுவார்த்தை மேசையில் வாக்கியத்துக்கு வாக்கியம், காற்புள்ளிக்குக் காற்புள்ளி வாதிட ஆட்கள் வேண்டும், நூலகம் வேண்டும், உட்கார்ந்து யோசிக்க இடம் வேண்டும். மேற்கு கேப் பல்கலைக்கழகம் அந்த இடத்தைக் கொடுத்தது.

துல்லா ஒமர் 1934இல் கேப்டவுனில் பிறந்தவர், இந்திய வம்சாவளி. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, ராபன் தீவுச் சிறைவாசிகளின் வழக்கறிஞராகப் பல ஆண்டுகள் உழைத்தவர். 1980களில் அவரே காவலில் வைக்கப்பட்டார். நிறவெறி அரசின் இரகசியக் கொலைப்படை ஒன்று அவரைக் கொல்லத் திட்டமிட்டதும், அவர் உட்கொள்ளும் இதய நோய் மாத்திரைகளுக்குப் பதிலாக நஞ்சை வைக்க முயன்றதும் பின்னாளில் வெளிவந்தன. அரசமைப்பு ஆய்வு மையம் ஒன்றின் இயக்குநராக ஒருவரை அமர்த்த இதைவிடத் தகுதி என்ன வேண்டும்?

நாடு கடந்து வாழ்ந்தவர்களும் அங்கு வந்து சேர்ந்தார்கள். அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரியில் இருபத்தேழு ஆண்டுகள் சட்டம் கற்பித்த காதர் அஸ்மல் 1990இல் மனித உரிமைச் சட்டப் பேராசிரியராக வந்தார். 1988இல் மபுட்டோவில் கார் குண்டுவெடிப்பில் வலது கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்த ஆல்பி சாக்ஸ், இலண்டனில் 1989இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க அரசமைப்பு ஆய்வு மையத்தை 1992இல் இங்கு கொண்டுவந்தார். பிரிஜிட் மபாண்ட்லா சமூகச் சட்ட மையத்தில் பெண்கள், குழந்தைகள் உரிமை தொடர்பான ஆய்வுகளை ஒருங்கிணைத்தார். இவர்கள் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் அரசமைப்புக் குழுவிலும் இருந்தவர்கள்.

1994 ஏப்ரல் 27 அன்று எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது. ஒமர் நீதித்துறை அமைச்சரானார். அஸ்மல் நீர்வளத் துறைக்குப் போனார். கெர்வெல் மண்டேலாவின் அலுவலகத் தலைமைப் பொறுப்பேற்றார். சாக்ஸ் புதிய அரசமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதியானார். இறுதி அரசமைப்புச் சட்டத்தில் மண்டேலா கையெழுத்திட்டது 1996 டிசம்பர் 10 அன்று. இடம் ஷார்ப்வில். 1960இல் காவல்துறை 69 பேரைச் சுட்டுக் கொன்ற அதே ஊர்.

நம் சட்டத்தோடு ஒப்பிட்டால்

இங்கே நம் வரலாற்றை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1947இல் பட்டியலினச் சம்மேளனத்தின் சார்பில் அண்ணல் அம்பேத்கர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தை எழுதினார். அது வெறும் கோரிக்கை மனு அல்ல. உறுப்பு உறுப்பாக எழுதப்பட்ட ஓர் அரசமைப்பு வரைவு. நிலமும் முக்கியத் தொழில்களும் அரசின் உடைமையாக இருக்க வேண்டும், அந்தப் பொருளாதார அமைப்பை எந்தப் பெரும்பான்மையும் கலைத்துவிட முடியாதபடி அரசமைப்பிலேயே எழுத வேண்டும் என்றார். அவருக்குப் பின்னால் எந்தப் பல்கலைக்கழக மையமும் இல்லை. இராஜகிருகத்தில் அவர் சேர்த்துவைத்த புத்தகங்கள்தாம் அவருடைய ஆய்வு மையம்.

நம் அரசமைப்பு முடிந்தபோது தீண்டாமை ஒழிப்பு 17ஆம் உறுப்பாக அடிப்படை உரிமைகளில் இடம்பெற்றது. ஆனால் வாழ்வாதாரம், ஊதியம், வளப் பங்கீடு ஆகியவை நான்காம் பகுதிக்கு, நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாத வழிகாட்டு நெறிகளுக்குப் போய்விட்டன. தென்னாப்பிரிக்கர்கள் 1996இல் வேறு முடிவெடுத்தார்கள். வீட்டு வசதியை 26ஆம் பிரிவிலும், மருத்துவம், உணவு, தண்ணீர், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றை 27ஆம் பிரிவிலும் வைத்து, உரிமைகள் சாசனத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். அரசு தன் வளங்களுக்கு உட்பட்டுப் படிப்படியாக நிறைவேற்ற வேண்டும் என்ற வரம்பு உண்டு. ஆனாலும் வழக்குத் தொடரலாம்.

இடஒதுக்கீட்டு விஷயத்திலும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்த சம்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951இல் அந்த ஆணையைச் செல்லாது என்றது. பெரியார் தலைமையில் தமிழ்நாடு கொந்தளித்தது. அதே ஆண்டில் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்க்கப்பட்டது. பிறகும் நெடுங்காலம், இடஒதுக்கீடு சமத்துவத்துக்கு ஒரு விதிவிலக்கு என்ற பார்வையே நீதிமன்றங்களில் நிலவியது. அது சமத்துவத்தின் ஒரு கூறு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1975இல் என். எம். தாமஸ் வழக்கு வர வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்க அரசமைப்பிலோ ஒடுக்கப்பட்டோரை முன்னேற்றும் நடவடிக்கைகள் சமத்துவப் பிரிவான 9க்குள்ளேயே எழுதப்பட்டன. 2004இல் வான் ஹீர்டன் வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் இவை விதிவிலக்கல்ல, சமத்துவத்தின் பகுதி என்று தெளிவுபடுத்தியது. எழுதும்போது யார் மேசையில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எத்தனை ஆண்டு வழக்குகள் மிச்சமாகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

வாலஸ்டீன் குடிசைகள்

அரசமைப்பு வந்ததும் மையத்தின் வேலை முடிந்துவிடவில்லை. உண்மையில் நாம் அதிகம் கற்க வேண்டிய பகுதி இதுதான்.

கேப்டவுனின் கிழக்கு ஓரத்தில் வாலஸ்டீன் என்ற குடிசைப் பகுதி. கால்வாசிக் குடும்பங்களுக்கு வருமானமே கிடையாது. தண்ணீர் இல்லை, கழிவுநீர் வசதி இல்லை. நூற்றில் ஐந்து குடிசைகளுக்குத்தான் மின்சாரம். மழையில் மூழ்கும் அந்த இடத்தை விட்டுச் சிலர் அருகிலிருந்த காலி நிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1999 மே மாதம் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். குடிசைகள் இடித்து எரிக்கப்பட்டன. 390 பெரியவர்களும் 510 குழந்தைகளும் விளையாட்டு மைதானத்தில் நெகிழித் தாளின் கீழ் ஒதுங்கினார்கள். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றப்பட்டவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அவர்களில் ஒருவரான ஐரீன் க்ரூட்பூமின் பெயரில் வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம், குழந்தைகளுக்குத் தங்குமிட உரிமை உண்டு என்ற அளவில் ஆணையிட்டது. வழக்கு அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனபோது சமூகச் சட்ட மையமும் மனித உரிமை ஆணையமும் நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாக நுழைந்தன. குழந்தை இருந்தால்தான் உரிமையா, 26ஆம் பிரிவு அனைவருக்கும் உரியதல்லவா என்று வழக்கின் களத்தையே அவை விரிவாக்கின. 2000 அக்டோபர் 4 அன்று நீதிபதி சக் யாகூப் எழுதிய தீர்ப்பு வந்தது: தலைக்கு மேல் கூரையே இல்லாத நிலையில் தவிப்பவர்களுக்கு எந்த ஏற்பாடும் செய்யாத வீட்டு வசதித் திட்டம் நியாயமானதல்ல, அது அரசமைப்புக்கு முரணானது. இரண்டு ஆண்டுகள் கழித்து, எச்ஐவி தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் தர வேண்டும் என்ற வழக்கிலும் மையம் அதேபோல உதவியது. அங்கும் மக்களே வென்றார்கள்.

ஆனால் கதையை வெற்றியோடு முடித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொருவருக்கும் உடனடியாகக் கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு ஒன்றை வரையறுக்க வேண்டும் என்று க்ரூட்பூம் வழக்கில் உதவித் தரப்பு கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்கப்பட்ட தீர்ப்புக்குத் தன் பெயரைத் தந்த ஐரீன் க்ரூட்பூம், 2008இல் ஒரு குடிசையிலேயே இறந்துபோனார். உரிய வீடு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 2012இல் மரிக்கானாவில் 34 சுரங்கத் தொழிலாளர்களைச் சுட்டது ஜனநாயக அரசின் காவல்துறைதான். 2015இல் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது மேற்கு கேப் வளாகமும் கொதித்தது. அதே ஆண்டில்தான் மையம் 2004இல் மறைந்த தன் நிறுவனரின் நினைவாக 'துல்லா ஒமர் நிறுவனம்' என்று பெயர் மாற்றப்பட்டது. நிலம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை அந்நாட்டின் இளைய தலைமுறை இன்று அரசமைப்பை நோக்கியே கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான்.

நமக்கு என்ன?

2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டுக்குத் தலித் அமைப்புகள் சென்று, சாதியையும் இனவெறியைப் போன்ற ஒடுக்குமுறையாக உலகம் ஏற்க வேண்டும் என்று கேட்டன. இந்திய அரசு அதைக் கடுமையாக எதிர்த்தது. அந்த மண்ணில் நாம் எழுப்பிய குரல் நியாயமானது. அதே மண்ணிலிருந்து நாம் எடுத்துவர வேண்டிய இன்னொன்று, போராட்டத்துக்கும் ஆய்வுக்கும் இடையே அவர்கள் போட்ட பாலம்.

நம் பல்கலைக்கழகங்களில் அம்பேத்கர் பெயரில் இருக்கைகள் உண்டு. சட்டப் பல்கலைக்கழகமே உண்டு. ஏப்ரல் 14 அன்று மாலை விழுகிறது, டிசம்பர் 6 அன்று கூட்டம் நடக்கிறது. இடையில் உள்ள நாட்களில் என்ன நடக்கிறது என்பதே நம் கேள்வி. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 17ஆம் விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கூடுகிறதா? கூட்டக் குறிப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய மாணவர் குழு எத்தனை? உங்கள் வட்டத்தில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இன்று யார் பெயரில் பட்டா இருக்கிறது? சிறப்பு நீதிமன்றத்தில் விடுதலையில் முடியும் வழக்குகள் எந்தக் கட்டத்தில் உடைகின்றன, முதல் தகவல் அறிக்கையிலா, சாட்சியிலா, மேல்முறையீடு செய்யாமல் விடுவதிலா?

இவற்றைத் தொகுக்கப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஐந்து மாணவர்களும், பூட்டிவைக்க ஓர் அலமாரியும், ஒரு மூத்த வழக்கறிஞரும் போதும். இராஜகிருகத்தில் ஒரே ஒருவர் செய்த வேலை அது. பட்டியலினத்தவர் விடுதி அறையிலிருந்துகூடத் தொடங்கலாம். ஒதுக்குவதற்காகக் கட்டப்பட்ட இடம் என்பதால் அது நமக்குப் பயன்படாமல் போய்விடாது என்பதற்குப் பெல்வில் புதர்க்காடு சாட்சி.

பல்கலைக்கழகங்கள் நமக்காக மையம் தொடங்கும் என்று காத்திருக்க வேண்டாம், தோழர்களே. இந்த மாதமே உங்கள் மாவட்டத்துக்கான முதல் மனுவை அனுப்புங்கள். பதில் வந்தால் கோப்பில் சேருங்கள். பதில் வராவிட்டால் அதையும் தேதியிட்டுச் சேருங்கள். வழக்கு வரும் நாளில் அந்தக் கோப்பு பேசும்.